முதலில் பெரியவர்கள் உட்கார்ந்த மிஷின்

கொழும்பிலிருந்து சென்னைக்குப் போய்வருகிறவர்கள் சேலை வாங்கி வருவார்கள், ஊறுகாய் வாங்கி வருவார்கள், வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்த்து வருவார்கள். நான் கோபத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். ஆறிவிட்டால் நான் எதற்கு எழுதப் போகிறேன்?

கொழும்பில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் கண் பார்க்கிறவன். டாக்டர் இல்லை. நடுவில் ஓட்டை போட்ட சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று என் கையில் இருக்கும். இருட்டறையில் விளக்கு வெளிச்சத்தை அந்தக் கண்ணாடியால் எதிரே இருப்பவர் கண்ணுக்குள் அடித்து, பாவைக்குள் நிழல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓட்டை வழியாகப் பார்ப்பேன். நிழலின் ஓட்டம் நிற்கும் வரை லென்ஸை மாற்றி மாற்றி வைப்பேன். நின்றதும் கண்ணின் குறை இத்தனை என்று தெரிந்துவிடும். வாலிபத்திலிருந்து இதுதான் என் பிழைப்பு.

எங்கள் முதலாளிக்கு மிஷின் ஆசை வந்தது. யுத்தத்துக்கு முன்னால் ஜெர்மனியில் செய்த மிஷின் அது. மேஜைமேல் உட்கார்ந்திருக்கிற ஒரு குழாய். ஒருவர் தாடையை வைத்து உள்ளே பார்த்தால் போதும், மறுபக்கம் இருப்பவர் திருகைத் திருகி எண்ணைப் படித்துவிடலாம். சென்னை வியாபாரி ஒருவரிடம் அது விலைக்கு இருந்தது. அதே மாதிரி மிஷினைப் பூந்தமல்லியில் ஒரு டாக்டர் வைத்திருக்கிறார், ஆவடியில் புதிதாக எழும்பும் ராணுவ டிப்போவுக்கு டிரைவர்கள் எடுப்பதற்கு அவர்தான் கண் பார்க்கிறார் என்று கேள்வி. “உன் கண்ணாடியையும் அந்த மிஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எது எவ்வளவு சரி என்று வந்து சொல்” என்று முதலாளி என்னை அனுப்பிவைத்தார்.

ஆவடி ஸ்டேஷனில் இறங்கியபோது நல்ல வெயில். எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் அது மதியத்துக்கு மேல் மழைக்கு வழிவிடும். இந்த வெயில் யாருக்கும் வழிவிடுவதாகத் தெரியவில்லை. வெளியே பூந்தமல்லி பஸ் நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம், ஆகவே கரி பஸ். வண்டியின் முதுகில் ஓர் இரும்பு அடுப்பு. அதற்குள் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்த வாலிபனுக்குப் பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளை.

“ஏறு சார், குந்து. வண்டி இப்ப கெளம்பிடும்” என்றான்.

அந்த ‘இப்ப’ அரை மணி நேரம் நீண்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்குக்கார அம்மாள். இந்த வண்டி தின்கிற கரியைப் பார்த்தால் தன் மருமகன் சாப்பாட்டைக் குறை சொல்லவே தோன்றவில்லை என்று தன் தங்கையிடம் தெலுங்கு கலந்த தமிழில் சொன்னாள். ஒரு வழியாகக் கிளம்பி, பருத்திப்பட்டு ஏற்றத்தில் வண்டி மூச்சுவிட்டு நின்றது. எங்கள் ஊர் டிராம் நின்றால் கண்டக்டர் வந்து மன்னிப்புக் கேட்பான். இங்கே பிரயாணிகள்தான் ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி இறங்கித் தள்ளினார்கள். லென்ஸ் பெட்டியைத் தெலுங்கு அம்மாள் மடியில் வைத்துவிட்டு நானும் தள்ளினேன்.

கரி குத்தியவன் பெயர் எத்திராஜ், பட்டாபிராம்காரன். வண்டியை ஓட்டியவன் துலுக்காணம், கோவில்பதாகை. இருவரும் ஒரு வயதுக்காரர்கள், சிநேகிதர்கள், இருபதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். என் பெட்டியில் என்ன என்று எத்திராஜ் கேட்டான். சொன்னேன்.

“கண்ணு பாக்கறவரா? அடடே! நாளைக்கு எங்களுக்கே கண்ணு பாக்கறாங்க சார். டிப்போவுல லாரி ஓட்டறதுக்கு. சார்ஜண்ட் துரை எங்களை ஓட்டச் சொல்லிப் பாத்துட்டான். நல்லா ஓட்டறானுங்கன்னு சொல்லிட்டான். இந்தக் கண்ணு ஒண்ணுதான் பாக்கி.”

“பஸ் வேலை இருக்கிறதே, போதாதா?” என்றேன்.

துலுக்காணம் ஸ்டியரிங்கிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னான். “இது இன்னா வேலை சார்? எங்க நைனா காலத்துலேர்ந்து ஆண்டை ஊட்டுக்குத்தான் பாடுபடறோம். ஏர் ஓட்டற நாள் வந்தா பஸ்ஸை நடுரோட்டுல உட்டுட்டு ஓடணும். டிப்போன்னா சர்க்கார் வேலை. அங்க வந்து ஆண்டை கூப்புட முடியாது.”

“சொல்லிட்டோம் சார் ரெண்டு பேரும், இனிமே ஏர் புடிக்க வரமாட்டோம்னு” என்றான் எத்திராஜ். “ஆண்டை மூஞ்சி போன போக்கைப் பாத்திருக்கணும் நீ.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பூந்தமல்லி ஓட்டலில் அரிசித் தட்டுப்பாட்டின் தயவால் கோதுமை உப்புமா. காப்பி என்று ஒன்று தந்தார்கள். எந்தக் கொட்டையை வறுத்தார்களோ, காப்பிக்கொட்டை இல்லை என்பது மட்டும் நிச்சயம். இடியாப்பத்தையும் சம்பலையும் நினைத்துக்கொண்டே குடித்தேன். தெரு முழுக்க மல்லிகைக் கூடைகள். சாப்பாடு எப்படி இருந்தாலும் ஊர் மணக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை டாக்டரைப் பார்த்தேன். பருத்த உடம்பு, பிரியமான பேச்சு. மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, குழாயில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார். ஜெர்மானியனோடு யுத்தம், அவன் மிஷினுக்குப் பூஜை! அதன் விளக்கு ஒரு மோட்டார் பாட்டரியில் எரிந்தது.

“பழைய எழுத்துப் பலகையை நான் தூக்கி எறிஞ்சுட்டேன் சார்” என்றார் டாக்டர். “உள்ளே பாத்தவன் வெளியே போய் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்துடறான். எழுத்தே தெரியாதவன்கூட மனப்பாடமா ஒப்பிக்கிறான். எது நல்லாத் தெரியுதுன்னு லென்ஸை மாத்தி மாத்திக் கேட்டா, ‘ரெண்டும் நல்லாத்தாங்க கீது’ன்னு மரியாதைக்குச் சொல்றான். மிஷினுக்கு எவன் வாயும் வேண்டாம்.”

அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கண்ணாடிக்கும் எவன் வாயும் வேண்டாம்தான்.

எனக்குக் காட்டுவதற்காக ஆட்களை வரவழைத்திருந்தார். முதலில் அவருடைய மாமனார். அப்புறம் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அப்புறம் கோயில் தர்மகர்த்தா. மிஷின் வந்த அன்று இவர்களை உட்கார வைத்துத்தான் சோதித்துப் பார்த்தாராம். ஒவ்வொருவரையும் அவர் மிஷினில் பார்க்க, நான் பக்கத்து இருட்டறையில் என் கண்ணாடியால் பார்த்தேன். இரண்டு எண்ணும் அச்சாக ஒன்று. கால் பங்குகூட வித்தியாசம் இல்லை. நான் ஆள் ஒருவருக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டதை மிஷின் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் நல்ல மிஷின் என்று வாய்விட்டே சொன்னேன். டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்கு அழைத்துப்போய் நிஜ அரிசிச் சோறும் வெண்டைக்காய் சாம்பாரும் போட்டார்.

மத்தியானம் டிப்போவுக்கான ஆட்கள் வந்தார்கள். மைனஸ் ஒன்றுக்கு மேல் போனால் தள்ளுபடி என்பது டிப்போவின் சட்டம். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, தூரத்தில் இருப்பது மங்கும். துலுக்காணம் தாடையை வைத்தான். “மைனஸ் ஒன்றரை. போகலாம்” என்றார் டாக்டர். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. கம்பவுண்டர் விளக்கினான். துலுக்காணம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்தவன் எத்திராஜ். மைனஸ் ஒன்றேமுக்கால்.

“எனுக்கு நல்லாத் தெரியுதே, டாக்டரய்யா” என்றான்.

“உனக்குத் தெரியுதுன்னு நீ சொல்றே. மிஷின் இல்லேங்குது.”

அதற்கப்புறமும் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளுபடி. வயல்வெளியில் வளர்ந்த பையன்களுக்கு இவ்வளவு கிட்டப்பார்வையா என்று கேட்டேன். சத்துள்ள சாப்பாடு இல்லாத ஊர் என்றார் டாக்டர். எத்திராஜை மட்டும் இருட்டறைக்கு அழைத்துப்போய் என் கண்ணாடியால் பார்த்தேன். குறை எதுவும் இல்லை. மைனஸும் இல்லை, பிளஸும் இல்லை. கழுவி வைத்த கண்.

டாக்டர் கோபிக்கவில்லை. சிரித்தார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காலையிலே ரெண்டும் ஒண்ணா இருந்துதே சார்? இப்ப வேற வேற காட்டினா மாறினது எது? இரும்பு மாறுமா? உங்க கைதான் அசந்து போச்சு.”

கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். எத்திராஜ் வாசலில் நின்றான். “நீ பாத்ததுல இன்னா சார் தெரிஞ்சிது?” என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன். “அப்ப ஏன் சார் நீ சும்மா வந்துட்ட?” என்றான். அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை.

விடிந்ததும் ஓட்டலில் அந்தப் பொய்க் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைப் பெரியவர் பத்திரிகையை என்னிடம் நீட்டினார். வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாராம், யுத்தச் செய்தியைக் கொஞ்சம் படித்துச் சொல்ல முடியுமா என்றார். இரண்டு வரி படித்தேன். மூன்றாவது வரியில் நாக்கு நின்றது. மாமனாருக்கு வெள்ளெழுத்து. ஹெட்மாஸ்டருக்கு வெள்ளெழுத்து. தர்மகர்த்தாவுக்கும் வெள்ளெழுத்து!

விஷயம் இதுதான். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கண் தன்னை இறுக்கிக்கொள்ளும். இளவயதில் அந்த இறுக்கம் கேட்காமலே வரும். நாற்பதைத் தாண்டினால் குறையும், இன்னும் வயதானால் போயே போய்விடும். அதுதான் வெள்ளெழுத்து. மூக்குக்கு முன்னால் ஒரு குழாயை வைத்து உள்ளே பார் என்றால், இளங்கண் ஏதோ பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணி இறுகிவிடும். மிஷின் அந்த இறுக்கத்தையும் சேர்த்து அளந்து கிட்டப்பார்வை என்று எண் காட்டும். கிழவர்களின் கண் இறுக முடியாது. அதனால் அவர்கள் விஷயத்தில் மிஷின் பரம யோக்கியன். என் சோதனையில் இந்த வம்பு இல்லை, ஏனென்றால் இருட்டில் தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லித்தான் நான் நிழல் பார்க்கிறேன்.

பத்திரிகையைப் பெரியவரிடமே கொடுத்துவிட்டு ஓடினேன். டாக்டர் வருவதற்குள் கம்பவுண்டரை மிஷினில் உட்காரவைத்தேன். மீசை கூட ஒழுங்காக முளைக்காதவன். மிஷின் மைனஸ் ஒன்றேகால் காட்டியது. என் கண்ணாடியில் குறையே இல்லை. வாசல் பெருக்கும் கிழவியைக் கெஞ்சி உட்காரவைத்தேன். இரண்டிலும் ஒரே எண். டாக்டர் வந்ததும் சொன்னேன், காட்டினேன், மறுபடியும் சொன்னேன்.

“மிஷின் வந்த அன்னிக்கு ஓர் இளவட்டத்தையாவது உட்கார வெச்சுப் பார்த்தீங்களா?” என்றேன்.

அவர் என்னை ஏதோ மரியாதை தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “என்ன சார் பேசறீங்க? பெரியவங்க இத்தனை பேர் வந்து நிக்கறப்ப, சின்னப் பசங்களைக் கூப்பிட்டு முதல்ல உட்கார வைக்கறதா? புது மிஷின், நல்ல நாள் பாத்து ஆரம்பிக்கறோம்.”

“அப்புறமாவது?”

“அப்புறம் எதுக்கு? அதான் சரியா இருக்குன்னு பெரியவங்களே பாத்துச் சொல்லிட்டாங்களே!”

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை பெரியவர்களுக்கு என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு மிஷின் சரியா தப்பா என்று பார்ப்பதற்கும் பந்தி போட்டால் எப்படி? பந்தியில் முந்தியது கிழவர்கள், இலையைப் பறிகொடுத்தது பையன்களா? இப்படியெல்லாம் கேட்டேன். கம்பவுண்டர் ஜன்னலைச் சாத்தினான்.

கடைசியில் கண்ணில் சொட்டு மருந்து போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஹோமாட்ரோபின் என்ற அந்த மருந்தை விட்டால் கண்ணின் இறுக்கம் தற்காலிகமாக அடங்கிவிடும். எத்திராஜைக் கூப்பிட்டு அனுப்பினேன். மருந்து என்றதும் பயந்தான். கிட்டத்தில் ஒரு நாள் மங்கும், வெயில் கூசும், அவ்வளவுதான் என்றேன். “லாரி கெடைக்கும்னா ஊத்து சார்” என்று அண்ணாந்து உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் பொறுத்து டாக்டரே மிஷினில் பார்த்தார். குறை இல்லை. மறுபடியும் பார்த்தார். இல்லை.

“சரிதான்” என்றார். என் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வார்த்தையில் அதைக் கெடுத்தார். “மருந்து போட்டா சரியாத்தான் இருக்கும். மருந்து போட்டுக்கிட்டா லாரி ஓட்டப் போறான்? எல்லாம் இறங்கினப்புறம், நாளை மறுநாள் வரச் சொல்லுங்க. மிஷின் என்ன சொல்லுதோ அதுதான்.”

அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் கொடுமை. லஞ்சம் வாங்குகிறவர் என்றால் ஏசிவிட்டுப் போய்விடலாம். இவர் மிஷினை மனப்பூர்வமாக நம்பினார். மிஷினை வாங்க வேண்டாம் என்று முதலாளிக்கு அன்றைக்கே தந்தி அடித்தேன். அதோடு வந்த வேலை முடிந்தது. ஆனால் எத்திராஜின் வேலை முடியவில்லை. ஆகவே நானும் கிளம்பவில்லை.

மறுநாள் பட்டாபிராமில் எத்திராஜ் வீட்டில் சாப்பாடு. விரிந்த பாவையோடு தலையில் துண்டைப் போட்டு வெயிலுக்கு ஒளிந்து நடந்தான். “இன்னாடா, புதுப்பொண்ணு மாதிரி முக்காடு?” என்று வழியில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். அவன் அம்மா ஏரி நண்டைக் குழம்பு வைத்து, கேழ்வரகுக் களியும் போட்டாள். நான் அந்தப் பயணத்தில் வயிறார உண்டது அங்கேதான். “வேலை கெடைக்கலன்னா நாங்க இந்த ஊர்லயே இருக்க முடியாது சாமி. ஆண்டையை எதுத்துப் பேசிட்டு வந்துகீறான்” என்று அவள் சொன்னாள். நான் நண்டை உடைப்பதில் கவனமாக இருப்பதுபோல் பாவனை செய்தேன்.

குறித்த நாளில் டாக்டருக்கு முன்னால் எத்திராஜ் உட்கார்ந்தான். மருந்து இறங்கிவிட்டதா என்று டாக்டர் பாவையைப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். மிஷின் மறுபடியும் மைனஸ் காட்டும், நேராக டிப்போ துரையிடமே போய்விடுவது என்று நினைத்திருந்தேன். டாக்டர் திருகைத் திருகினார்.

“குறையே இல்லே!” என்றார். எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பாத்தீங்களா சார்? மிஷின் அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி. நடுவிலே மருந்து பையனைக் குணப்படுத்திடுச்சு! தள்ளுபடி ஆனவங்க யார் வேணும்னாலும் மத்தியானத்துக்குள்ள வரட்டும். மருந்து போட்டு, திரும்பப் பாத்து விடறேன். சாயங்காலம் டிப்போவுக்குப் பேர் கொடுத்தாகணும்.”

எத்திராஜ் கும்பிட்டான். “உங்க புண்ணியம் டாக்டரய்யா” என்றான்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். “என்ன செய்தாய்?”

“ஒண்ணியும் இல்ல சார். மருந்து ஊத்தினப்ப உள்ள இருந்த படம் கலங்கலா எங்கியோ கீறாப்பல இருந்துச்சு. இன்னிக்கும் அதே மாதிரி உட்டுட்டேன். பாக்கணும்னு பாக்கல. கண்ணைத் தொறந்துகினு எங்க ஏரியோட அந்தக் கோடியை நெனச்சிகினு குந்திட்டேன்.”

“அதை அவரிடம் சொல்ல வேண்டியதுதானே? மருந்து குணப்படுத்தியது என்கிறார், நீயும் கும்பிடு போடுகிறாயே!”

“சார்” என்றான் எத்திராஜ் பொறுமையாக. “மிஷின் பொய்யின்னு காட்டணும், அது உன் வேலை. எனுக்கு லாரி ஓட்டணும். வா சார், துலுக்காணத்தை இட்டுகினு வந்துடலாம். மத்தியானம் வரைக்கும்தான் டைம்.”

அவன் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. ஆனால் நின்று கோபப்பட நேரமில்லை. கரி பஸ் அன்று புண்ணியத்துக்கு எங்கும் நிற்கவில்லை. ஆவடியில் இறங்கி ஜட்கா பிடித்துக் கோவில்பதாகைக்குப் போனோம். ஏரிக்கரைக்குக் கீழே துலுக்காணம் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். கணுக்கால் வரை சேறு.

“மாமே! வாடா, டாக்டரு திரும்பப் பாக்கறேன்றாரு! எனுக்குக் கெடைச்சிட்டுது!” என்று எத்திராஜ் கரையிலிருந்தே கத்தினான்.

துலுக்காணம் மாட்டை நிறுத்தினான். ஏரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. “நான் வர்லடா” என்றான்.

“ஏன்டா?”

“ஆண்டை கால்ல உழுந்து எழுந்தாச்சு. எல்லாரையும் கூட்டி வெச்சி கால்ல உழச் சொன்னாரு. உழுந்தேன். திரும்ப இன்னொரு தபா போய் ஏர் புடிக்க வரமாட்டேன்னு சொல்லி, அந்த மிஷினு திரும்ப இல்லேன்னுட்டா?”

நான் வரப்பில் இறங்கி நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். மிஷினில் என்ன கோளாறு, இளங்கண் ஏன் இறுகுகிறது, எத்திராஜ் எப்படித் தப்பித்தான், எல்லாம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

“நீ நல்லதுக்குத்தான் சொல்ற சார். ஆனா டாக்டரு மிஷின்ல பாத்தே சொல்லிட்டாரு. எனுக்கே இப்பத்தான் புரியிது. இந்த ரெண்டு மூணு நாளா தூரத்துல எல்லாம் மங்கலாத்தான் கீது. முன்னாடி தெரியாமலே இருந்துகினு இருந்தேன் போல.”

எனக்கு ஆத்திரம் வந்தது. நல்ல கண்ணை ஒரு குழாய் தப்பாக அளந்தது போதாதென்று, அந்தக் கண்ணே அந்தத் தப்பை நம்பத் தொடங்கிவிட்டது. பையிலிருந்து என் கண்ணாடியை எடுத்தேன். அந்த வெயிலில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கே தெரியும். “உட்காருடா இங்கே” என்று கத்தினேன்.

துலுக்காணம் என் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்தான். முகம் மாறிவிட்டது.

“சார், போய்டுங்க. ரெண்டு பேரும் போய்டுங்க. ஆண்டை வராரு.”

திரும்பிப் பார்த்தேன். நீளமான ஏரிக்கரை, பனைமரங்கள், வெயில். வேறு ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். வெகு நேரம் கழித்துத்தான் கரையின் கோடியில் ஒரு குடை அசைவது தெரிந்தது. அதற்குள் துலுக்காணம் மாடுகளை அதட்டி ஓட்டிக்கொண்டு வயலின் மறுபக்கத்துக்குப் போய்விட்டிருந்தான்.